14,000லிருந்து 18,000: செவிலியர்கள் ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை?

மாசம் 14,000 ரூபாய் வாங்கிட்டு இருக்கீங்க. ஒருநாள் கூப்பிட்டு, "இனிமே 18,000. அதுவும் உங்க சொந்த மாவட்டத்துலயே வேலை"ன்னு சொல்றாங்க. நம்மில் பத்துப் பேர்ல ஒன்பது பேர் பேனாவைத் தேடுவோம். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டின் ஒப்பந்த செவிலியர்களுக்கு கிட்டத்தட்ட இதேதான் சொல்லப்பட்டது. அவங்க பேனாவைத் தேடல. தெருவில் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடர்ந்தாங்க.

வெளியிலிருந்து பார்த்த பலர் "28 சதவீத உயர்வு வேண்டாம்னு சொல்றாங்களே"ன்னு ஆச்சரியப்பட்டாங்க. அந்தக் கணக்கை தர்மபுரி மாவட்டத்துல இருக்கிற ஒரு செவிலியரோட இடத்துல உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்காட்டியும் பரவாயில்ல. ஒப்பந்தம், தொகுப்பூதியம், "சேர்ந்த பிறகு பெர்மனென்ட்" மாதிரி வார்த்தைகளை ஆஃபர் லெட்டரில் பார்த்தவங்க எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல்ல என்ன நடந்ததுன்னு சுருக்கமா. 2020இல் கொரோனா வந்தப்போ, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 14,000 தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டாங்க. அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அரசு நீட்டிக்கவில்லை. போராட்டம் வெடித்த பிறகு, சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் ஒரு மாற்று வழி சொன்னார்: மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமா, சொந்த மாவட்டத்திலேயே, 18,000 சம்பளத்தில் வேலை.

கவனிச்சீங்களா? இதுல சம்பளம் மட்டும் மாறல. வேலை கொடுக்கிறவரே மாறுறார்.

4,000 உயர்வு, உண்மையில எவ்வளவு?

முதல்ல ஆஃபருக்குச் சாதகமான கணக்கைப் போடுவோம், அதுதான் நியாயம். பென்னாகரத்துக்காரர் ஒருவர் சென்னையில் 14,000க்கு வேலை பார்க்கிறார்னு வெச்சுக்கோங்க. இனி வர்ற செலவு எண்கள் என் கற்பனை, உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. ஹாஸ்டலும் சாப்பாடும் 6,000. ஊருக்கு வந்து போக 1,500. கையில நிக்கிறது 6,500. இதுவே வீட்டிலிருந்து பஸ்ல போய் வந்தா 18,000ல போக்குவரத்து 1,500 போக 16,500. வீட்டுச் சாப்பாட்டுச் செலவைத் தனியாப் பார்க்கலைன்னா வித்தியாசம் 10,000. காகிதத்துல 4,000னு தெரியற உயர்வு, சட்டைப்பையில 10,000!

ஆனா ஏற்கெனவே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே வேலை பார்த்து, டவுன்லயே வீடு இருக்கிறவருக்கு? அவருக்கு வெறும் 4,000தான். இன்னொண்ணு, "சொந்த மாவட்டம்"ங்கிறது பெரிய வார்த்தை. வீடு பென்னாகரத்துல இருந்து, போஸ்டிங் சித்தேரி மலையில விழுந்தாலும் அதுவும் சொந்த மாவட்டம்தான். தினமும் போய் வர முடியுமான்னு அந்தப் பக்கம் பஸ்ல போனவங்களைக் கேளுங்க. அதனால ஒரே ஆஃபர், ரெண்டு பேருக்கு ரெண்டு விலை.

தொகுப்பூதியம் ஏன் கரையுது?

தொகுப்பூதியம்னா எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படின்னு தனித்தனியா இல்ல. விலைவாசி ஏறினா தானா ஏறாது. யாராவது ஆணை போட்டாத்தான் ஏறும்.

விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுதுன்னு வெச்சா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த 18,000 இன்றைய 14,103 ரூபாய்க்குச் சமம். 6 சதவீதம்னா 13,451. அதாவது இன்னைக்குக் கிடைச்ச முழு உயர்வையும் மளிகைக்கடையும் பஸ் டிக்கெட்டும் அஞ்சு வருஷத்துல திரும்ப வாங்கிடும். நடுவுல உயர்வு வரலைன்னா, மறுபடி பழைய 14,000தான்.

இதுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. அதே 2023 ஜனவரி 1 அன்றுதான் தமிழ்நாடு அரசு, தன் ஊழியர்களுக்கு அகவிலைப்படியை 34லிருந்து 38 சதவீதமாக உயர்த்தியது. ஒப்பந்தம் முடிஞ்சு செவிலியர்கள் தெருவில் நின்ற அதே புத்தாண்டு! நிரந்தர செவிலியரின் அடிப்படைச் சம்பளம் 35,000க்கு மேல். கணக்குக்கு 35,000னே வெச்சாலும், அந்த ஒரு அறிவிப்பிலேயே மாதம் 1,400 கூடியது. 38 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தா 48,300. வீட்டு வாடகைப்படி இன்னும் சேர்க்கல. அதுக்கு மேல வருஷா வருஷம் 3 சதவீத ஊதிய உயர்வு. ஒரே வார்டு, ஒரே நைட் டியூட்டி, ஒரே ஊசி. மாத வித்தியாசம் 30,300.

அதனால செவிலியர்கள் 18,000ஐ 14,000த்தோட ஒப்பிடல. 48,000த்தோட ஒப்பிட்டாங்க.

சரி, வேலையே இல்லாம ஒரு வருஷம் போராடினா நஷ்டம் எவ்வளவு? 18,000 பெருக்கல் 12, அதாவது 2,16,000. நிரந்தரம் கிடைச்சா மாதம் 30,300 கூடுதல். ஏழு மாசம் சொச்சத்துல நஷ்டம் திரும்ப வந்துடும். எண்களை மட்டும் பார்த்தா போராடறது அறிவுள்ள முடிவுதான். ஆனா இந்தக் கணக்குல ரெண்டு ஓட்டை. ஒண்ணு, "கிடைச்சா"ங்கிற வார்த்தை. ரெண்டாவது, அந்த ஒரு வருஷம் வீட்டு வாடகை, ஈஎம்ஐ, குழந்தை ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுறது? ஆறு மாசச் செலவு பேங்க்ல இருக்கிறவருக்கும், அடுத்த மாசச் சம்பளத்தை நம்பியே இருக்கிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எமர்ஜென்சி ஃபண்ட்னு நம்ம சேனல்ல தொண்டை கிழியக் கத்தறது ஆஸ்பத்திரிச் செலவுக்காக மட்டும் இல்ல. மோசமான ஆஃபருக்கு "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்ற தெம்பும் அந்தப் பணத்துலதான் வருது.

நிஜமான பயம்: யாருடைய கையெழுத்து?

எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல கனமான பகுதி இதுதான். நிறைய பேர் பேசாததும் இதுதான்.

உச்ச நீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. தற்காலிக வேலையில இத்தனை வருஷம் இருந்தேன்கிற ஒரே காரணத்துக்காக நிரந்தரம் கேட்க முடியாது. முறையான தேர்வு, அனுமதிக்கப்பட்ட பணியிடம் இதெல்லாம் முக்கியம்னு அதன் சாரம். அதனால அரசு வேலையில "எந்த வாசல் வழியா உள்ளே வந்தீங்க"ங்கிறதுக்கு பெரிய மதிப்பு. எம்ஆர்பி மூலமா வந்தோம்ங்கிறது செவிலியர்கள் கையில இருந்த சீட்டு. அந்த நியமனத்தில் இட ஒதுக்கீட்டு விதி சரியாகப் பின்பற்றப்படலைங்கிறது அரசுத் தரப்பு வாதம். இந்த நிலைமையில மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தோட புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டா, பழைய சீட்டைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிடுமோன்னு பயம். அது தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையில் இயங்கும் ஒரு சங்கம். அரசுத் துறையோட நிரந்தரப் பணியிடம் வேற, இது வேற.

பயத்துக்கு முன்கதையும் இருக்கு. 2015இல் எம்ஆர்பி தேர்வு எழுதி வந்தவங்களுக்கு ஆரம்பச் சம்பளம் 7,700. ரெண்டு வருஷத்துல காலமுறை ஊதியம்னு நம்பி வந்தாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சது, நடக்கல. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் பெரிய போராட்டம். அப்புறம் கிடைச்சது நிரந்தரம் இல்ல, 14,000. அக்காக்களுக்கு நடந்ததைப் பார்த்த தங்கச்சிகள், 18,000ஐ அதே வரிசையில அடுத்த எண்ணாப் பார்த்ததுல ஆச்சரியம் இல்ல.

அவங்களுக்குச் சாதகமாவும் ஒரு தீர்ப்பு உண்டு. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாவது தரணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. "சம வேலைக்குச் சம ஊதியம்"னு பேனர்ல எழுதறது வெறும் கோஷம் இல்ல.

உங்க ஆஃபர் லெட்டருக்கு வருவோம்

தனியார் வேலையிலும் இந்த 14,000 – 18,000 தாவல்ல ஒரு பொறி இருக்கு. இப்போ இருக்கிற கம்பெனி 14,000 முழுசுக்கும் பிஎஃப் கட்டுதுன்னா, அவங்க பங்கு 12 சதவீதம், 1,680. புதுசாக் கூப்பிடுறது இருபது பேருக்கும் குறைவா இருக்கிற, பிஎஃப் இல்லாத சின்ன இடம்னா, உங்க உண்மையான உயர்வு 4,000 இல்ல, 2,320தான். முதல் வேலையிலேயே பிஎஃப் சம்பளம் 15,000ஐத் தாண்டினா, உங்களை பிஎஃப்ல சேர்க்கணும்ங்கிற கட்டாயமும் இல்ல. கேட்டு வாங்குங்க.

மருத்துவக் காப்பீட்டையும் பாருங்க. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000. மாதம் 14,000னாலே வருஷத்துக்கு 1,68,000, வரம்பைத் தாண்டிடுச்சு. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவர், வருமானத்தால அந்தக் கார்டுக்கு வெளியே! தனியாருக்கு இஎஸ்ஐ வரம்பு 21,000ங்கிறதால 18,000க்காரர் அதுக்குள்ள வருவார், கம்பெனி பதிவு பண்ணியிருந்தா.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. விஷயம் நீதிமன்றம் போச்சு, கொரோனா கால செவிலியர்களில் ஒரு பகுதியினர் பின்னாடி மறுபடி தொகுப்பூதியத்திலேயே சேர்க்கப்பட்டாங்க. 2025 டிசம்பரில் ஒப்பந்த செவிலியர்கள் சென்னையில் மீண்டும் போராடினாங்க. இந்த முறை அவங்க கையில வாங்கிட்டிருந்தது 18,000. கோரிக்கை மட்டும் பழசு: பணி நிரந்தரம்.

ஒப்பந்த வேலையில இருக்கிறவங்க உங்க ஆர்டர் காப்பியை ஒருதரம் எடுத்து, நியமனம் பண்ணியது யாருன்னு மேலே இருக்கிற பெயரையும், எந்தத் தேதி வரைக்கும்னு கீழே இருக்கிற வரியையும் படிச்சு வைங்க. ஒப்பந்த ஊழியர்களுக்கு பேங்க் லோன் எப்படிக் கிடைக்குதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.