திருநீற்றுப்பச்சை: இலைக்கு ஒரு செடி, விதைக்கு ஒரு செடி

கோடை வந்தால் நன்னாரி சர்பத்தில் போட சப்ஜா விதையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்த விதை நம் கொல்லையில் மணக்கும் திருநீற்றுப்பச்சையின் விதைதான். துளசிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் இலை பெரிது, வாசனையும் வேறு.

மளிகைக் கடை சப்ஜா பழசாக இல்லாவிட்டால் அதுவே முளைக்கும். விதை எள்ளைவிடச் சிறிது. அதனால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். ஆழத்தில் போனால் மேலே வராது. பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். நாலைந்து வாரக் கன்றைப் பிடுங்கி ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். மக்கிய எரு போதும். யூரியா போட்டால் செடி தளதளவென்று வரும், மணம் குறையும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இலை சுருட்டும் புழு வந்தால் சுருண்ட இலையைக் கையால் கிள்ளிப் போடுங்கள். வாயில் போடும் இலைக்கு மருந்தடிக்கிற வேலை வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். ஒரே செடியில் நல்ல இலையும் எடுக்கலாம், நல்ல விதையும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூ வந்துவிட்டால் செடியின் சத்தெல்லாம் விதைக்குப் போகும். இலை சிறுத்து, முரடாகிவிடும். பத்துச் செடி இருந்தால் ஏழை இலைக்கு வையுங்கள். அதில் கதிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிடணும். கிள்ளக் கிள்ள பக்கக் கிளை வெடிக்கும். மற்ற மூன்றையும் தொடாமல் விதைக்கு விடுங்கள்.

இலையைக் காயவைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மிளகாய் மாதிரி மொட்டை வெயிலில் பரப்பினால் என்ன ஆகும்? இதன் மணம் இலையின் மேலே உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. வெயிலில் அது ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது வெறும் சருகு. முதல் நாள் சாயங்காலம் செடிமேல் தண்ணீர் தெளித்துத் தூசியைக் கழுவி, மறுநாள் காலை ஈரம் உலர்ந்ததும் அறுங்கள். அடியில் நாலைந்து இலை நிற்கட்டும், திரும்பத் துளிர்க்கும். ஐந்தாறு கொம்பாகக் கட்டி, காற்றோடும் தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுப்புப் புகையும் மாட்டுக்கொட்டகை வாடையும் அண்டக்கூடாது. குவித்து வைத்தால் ஒரே ராத்திரியில் புழுங்கிக் கறுத்துவிடும்.

ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். காம்பு ‘படக்’கென்று ஒடியணும். பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு இரண்டு நாள் பாருங்கள். உள்ளே பனி பூத்தால் ஈரம் இருக்கிறது. திரும்ப உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பொடியாக்காமல் இலையாகவே வைத்து, வேண்டும்போது நொறுக்குங்கள். சுக்குக் காப்பியில் ஒரு சிட்டிகை போட்டால் வீடே மணக்கும். பத்துக் கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ தேறுவதே பெரிது. அதனால் விற்பனைக்கென்று அரை ஏக்கரில் போட நினைப்பவர்கள், வாங்குகிற ஆளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதைச் செடியைத் தை மாதம் விதைத்தால் வைகாசிக்குள் கதிர் முற்றும். கதிரில் முக்கால்வாசி பழுப்பானதும் அறுத்துவிடணும்; நுனி காயட்டுமென்று காத்திருந்தால் அடியிலுள்ள விதை கொட்டிப்போகும். பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் அறுத்து, துணியில் உலர்த்தி, கசக்கிப் புடைத்தெடுங்கள். மண் ஒட்டியிருக்கிறதே என்று தண்ணீரில் அலசினீர்களோ, அத்தனையும் கூழாகிவிடும்! ஐப்பசி அடைமழையில் கதிர் முற்றினாலும் இதே கதிதான்.

குடிக்கும்போது ஒரு தேக்கரண்டி விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவிடுங்கள். ஊறாத விதையை அப்படியே வாயில் போட்டால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் டப்பாவை வையுங்கள்.