கையை உரிக்கும் தின்னர்! பாலீஷ் தொழிலாளிகள் எந்த கிளவுஸ் வாங்கணும்?

காரைக்குடி:

மர பாலீஷ் போடுபவரை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. கையைப் பார்த்தாலே தெரிந்து விடும். நகக்கண்ணில் பழுப்புக் கறை, விரல் இடுக்கில் வெடிப்பு, உள்ளங்கையில் செதில் செதிலாக தோல்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் இங்கே விலைக்கு வரும். பழைய பெயின்ட்டை எடுத்து, உப்புத்தாள் போட்டு தேய்த்து, பாலீஷ் ஏற்றினால்தான் அதற்கு மவுசு. இந்த வேலை முழுக்க வெறும் கையில்தான் நடக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020-ல் ரேஷன் கடைகளுக்கு கைரேகை மிஷின் வந்தது. தின்னர் பட்டுப் பட்டு விரல் நுனி உரிந்து போனவர்களுக்கு ரேகை சரியாக பதியாது. அரிசி வாங்கப் போன இடத்தில் "விரலை துடைச்சிட்டு மறுபடி வைங்க" என்று நாலு தடவை சொன்னால் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கத்தான் செய்வார்.

தோலில் என்ன நடக்குது?

நம் தோல் மேல் இயற்கையாக ஒரு எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதுதான் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. தின்னர், டர்பன்டைன், ஸ்பிரிட் எதுவாக இருந்தாலும் முதலில் அந்த எண்ணெயைத்தான் கழுவி எடுக்கும். தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த இடம் வழியாக மருந்து இன்னும் சுலபமாக உள்ளே போகும்.

வேலை முடிந்ததும் தின்னரிலேயே கை கழுவுவார்கள் பாருங்க, அதுதான் எல்லாவற்றையும் விட மோசம். நாள் முழுக்க பட்டதை விட அந்த ரெண்டு நிமிடத்தில் தோலுக்கு அதிக கேடு. வார்னிஷ் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயை தேய்த்து, துணியில் துடைத்து, பிறகு சோப்பு போட்டால் பெரும்பாலும் போய் விடும். கொஞ்சம் கறை நின்றால் நிற்கட்டும். ரெண்டு நாளில் தானாக போகும்.

"கிளவுஸ் போட்டா பிடி கிடைக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. போட்டும் பயன் இல்லாத கிளவுஸை போட்டு விட்டு, "இதெல்லாம் சும்மா" என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. ரெண்டாவது ஆளிடம் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் கடையில் கிடைக்கும் கிளவுஸ் எல்லாமே எல்லா மருந்துக்கும் தாங்காது.

எது வேஸ்ட்?

நூல் கிளவுஸ் மரச்சிராய்க்கும் உப்புத்தாள் வேலைக்கும் மட்டும் சரி. பாலீஷுக்கு போட்டால் திரி மாதிரி மருந்தை இழுத்து கையோடு ஒட்ட வைக்கும். வெறுங்கையை விட கெடுதல்.

ஓட்டலில் பரிமாறுபவர்கள் போடும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கிளவுஸ் தொளதொளவென்று இருக்கும். தையல் ஓரம் பிரிந்து விடும். பி.வி.சி. கிளவுஸ் தின்னர் பட்டால் இளகும்.

மெடிக்கல் ஷாப்பில் டாக்டர்கள் போடும் வெள்ளை ரப்பர் கிளவுஸ், அதாவது லேடெக்ஸ், டர்பன்டைனிலும் தின்னரிலும் சில நிமிடத்தில் ஊதி, சுருங்கி, நஞ்சு போகும். சிலருக்கு அந்த ரப்பரே அலர்ஜி. அரிப்பு மருந்தினாலா கிளவுஸினாலா என்றே தெரியாமல் அவதிப்படுவார்கள்.

அப்போ எதை போடுறது?

பெரும்பாலான வேலைக்கு நைட்ரைல் கிளவுஸ். நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் 100 எண்ணிக்கை கொண்ட பெட்டியாக வரும். எண்ணெய் வார்னிஷ், டர்பன்டைன், ஆளி விதை எண்ணெய் இதற்கெல்லாம் இது தாங்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து பஞ்சால் தேய்க்கும் பிரெஞ்ச் பாலீஷுக்கும் போடலாம். ஆனால் கை ஊறும் அளவுக்கு நனைகிறது என்றால் பாத்திரம் கழுவும் கிளவுஸ் மாதிரி தடிமனான நைட்ரைல் வாங்க வேண்டும்.

பி.யு. பாலீஷில் ஹார்டனர் கலக்கும்போது கண்டிப்பாக நைட்ரைல் வேண்டும். அதில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை ஆகி விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். மூக்கு வழியாக மட்டும் இல்லாமல் தோல் வழியாகவும் அந்த ஒவ்வாமை தொடங்கலாம். மெலமைன் ஹார்டனரில் அமிலம் உண்டு. வெடிப்பில் பட்டால் சுரீர் என்று எரியும்.

சிக்கல் என்.சி. தின்னரில்தான். அதில் டொலுவின், அசிட்டோன் என்று பல சரக்கு கலந்திருக்கும். சிலதில் மெத்தனாலும் இருக்கும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களை பலி வாங்கிய அதே மெத்தனால்தான். குடித்தால்தான் ஆபத்து என்றில்லை, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

நைட்ரைல் டொலுவினை கொஞ்ச நேரம் தடுக்கும், அசிட்டோனை தடுக்காது. பியூட்டைல் ரப்பர் கிளவுஸ் அசிட்டோனை தடுக்கும், டொலுவினை விட்டு விடும். ரெண்டையும் தடுப்பது பல அடுக்கு லேமினேட் கிளவுஸ். அது விறைப்பாக, தொளதொளவென்று இருக்கும். அதனால் அதற்கு மேல் இறுக்கமான நைட்ரைல் ஒன்றை மாட்டிக் கொள்வார்கள். பிடியும் கிடைக்கும். தின்னரில் கையை விட வேண்டிய வேலை இல்லை என்றால் மெல்லிய நைட்ரைல் போட்டு, நனைந்த உடனே கழற்றி வேறு மாட்டினால் சமாளிக்கலாம்.

பெயின்ட் ரிமூவர் உஷார்!

பழைய கதவில் பெயின்ட் எடுக்கும் ரிமூவர் பலவற்றில் டைகுளோரோமீத்தேன் என்ற மருந்து இருக்கிறது. நைட்ரைல், லேடெக்ஸ் ரெண்டையும் சில நிமிடத்தில் ஊடுருவி விடும். அதை விட அதன் ஆவி ஆபத்து. மூடிய அறையில் வைத்து வேலை பார்த்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோகத்துக்கு இந்த வகை ரிமூவர் விற்க தடை போட்டார்கள். இதற்கு லேமினேட் கிளவுஸ்தான். வேலையும் வெட்ட வெளியில்தான்.

பெட்டியில் என்ன பார்க்கணும்?

கிளவுஸ் பெட்டியில் ஒரு குடுவை படமும், கீழே ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஏ என்றால் மெத்தனால், பி அசிட்டோன், டி டைகுளோரோமீத்தேன், எஃப் டொலுவின், ஜே என்றால் பெட்ரோலியம் வகை. எந்த எழுத்து இருக்கிறதோ அதற்கு சோதித்தது என்று அர்த்தம். பக்கத்தில் 'டைப் ஏ' அல்லது 'டைப் பி' என்று இருந்தால் அந்த எழுத்துகளுக்கு குறைந்தது 30 நிமிடம் தாங்கும். 'டைப் சி' என்றால் 10 நிமிடம்தான். படமே இல்லாத பெட்டி என்றால் மருந்துக்கு நம்ப முடியாது.

ஓட்டை இல்லையே என்று நேற்று போட்ட மெல்லிய கிளவுஸை இன்று மாட்டாதீங்க. ரப்பருக்குள் ஊறிய தின்னர் ராத்திரி முழுக்க உள் பக்கமாக நகர்ந்து கொண்டே இருக்கும். காலையில் கையை விட்டால் மருந்துக்குள் விட்ட மாதிரிதான். அதே மாதிரி டிரில், கடைசல் மிஷின் ஓடும்போது கிளவுஸே கூடாது. சுற்றும் பாகத்தில் மாட்டினால் கையோடு இழுத்து விடும்.

செலவு யார் தலையில் என்பதுதான் கடைசி கேள்வி. எஸ்டிமேட்டில் உப்புத்தாள், பஞ்சு, தின்னர் எல்லாம் எழுதுகிறார்கள். கிளவுஸ் பெட்டியையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் வீட்டுக்காரரோ கடைக்காரரோ ஏன் என்று கேட்கப் போவதில்லை.

கழற்றிய கிளவுஸை ஆளி விதை எண்ணெய் துடைத்த பனியன் துணியோடு உருட்டி மூலையில் போட்டு விட்டு வீட்டுக்குப் போவது பல பட்டறைகளில் வழக்கம். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். குவியலாக கிடந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக் கொள்ளும். துணியை தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடணும், இல்லை என்றால் வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடணும்.