ஆகஸ்ட் மாலையில் சுவீடன் புல்வெளியை மட்டும் மூடுபனி சூழ்வது ஏன்?

சுவீடன் கிராமத்து வீட்டில் ஆகஸ்ட் மாதம் தங்கினால் இதைப் பார்க்கலாம். பொழுது சாய்ந்ததும் புல்வெளியில் இடுப்பளவுக்கு வெண்மூட்டம் படரும். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். தேவதைகள் நடனமாடுகிறார்கள் என்று அந்நாட்டு முன்னோர் சொன்னார்கள். எவ்வளவு அழகான கற்பனை!

உண்மைக் காரணம் இரவின் குளிர்ச்சி. ஜூனில் இரவு மிகக் குறுகியது. தரை குளிர நேரம் போதாது. ஆகஸ்டில் இருட்டு நீள்கிறது. மேகமில்லாவிட்டால் தரையின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடும். புல் சில்லிடும், அதையொட்டிய காற்றும் குளிரும்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கவனித்திருப்பீர்களே? குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. டம்ளரில் அது துளியாக ஒட்டுகிறது. இங்கே நுண்துளிகளாகக் காற்றிலேயே மிதக்கிறது.

குளிர்காற்று கனமானது. ஆகவே மேட்டு வீட்டை விட்டு இறங்கி, பள்ளத்துப் புல்வெளியில் தேங்குகிறது. பலத்த காற்றடித்தால்? மேலேயுள்ள வெப்பக்காற்று கலந்துவிடும், மூட்டமே உருவாகாது.