விளக்கேற்ற ஓர் இடம்

நவராத்திரி நாட்களில் ஆலயங்கள்தோறும் கொலுவும் சிறப்புப் பூஜைகளும் களைகட்டுகின்றன. உயர்கல்விக்காகக் கடல் கடந்து சென்ற பிள்ளைகள் இந்நாட்களை எவ்வாறு கழிக்கின்றனரோ என்ற எண்ணம் பெற்றோர் பலரின் உள்ளத்தில் எழுவது இயல்பே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது இடைப்பருவத் தேர்வுக் காலம். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அம்பிகையின் முன் அடுக்கி வைத்து, அவற்றைத் தொடாதிருப்பது நம் மரபு. அங்கோ, புத்தகத்தை மூட இயலாத நாளாக அந்நாள் அமைந்துவிடுகிறது.

விடுதி அறையில் சுவாமி படம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆயினும் அதன்முன் விளக்கேற்ற முடியாது. தீ விபத்துக்கு அஞ்சி மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றை மாணவர் விடுதிகளில் பொதுவாகத் தடை செய்துள்ளனர். பிள்ளைகளின் நம்பிக்கையை எவரும் வாதிட்டுப் பறித்துவிடுவதில்லை. முதலில் விளக்கு நிற்கிறது. பின்னர் வழிபாடு நிற்கிறது. துன்பம் வரும் நாளில் பற்றிக்கொள்ள ஏதுமின்றி மனம் தளர்கிறது.

இக்குறையைப் போக்க முன்வந்த கல்விக்கூடங்களுள் வாஷிங்டன் மாநகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. (நம் பினாங்குத் தலைநகரின் பெயரே அதற்கும்!) 1789ஆம் ஆண்டில் தோன்றி, இயேசு சபைத் துறவியரின் மரபில் வளர்ந்த கத்தோலிக்கக் கல்விக்கூடம் அது. மாணவனின் அறிவோடு அவன் உள்ளத்தையும் ஆன்மாவையும் சேர்த்துப் பேண வேண்டும் என்பது அம்மரபின் கொள்கை. அக்கொள்கையைத் தம் சமயத்தவரோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 1968இல் யூத குரு ஒருவரும் 1999இல் இஸ்லாமிய இமாம் ஒருவரும் அங்குப் பொறுப்பேற்றனர். 2016இல் இந்து மாணவர்களுக்கென வ்ரஜ்விஹாரி சரண் என்னும் இந்து சமய குரு நியமிக்கப்பட்டார். 2019இல் இந்து, பௌத்த, சமண, சீக்கிய மாணவர்களுக்காகத் 'தர்மாலயா' என்னும் வழிபாட்டு, தியான நிலையம் வளாகத்திலேயே திறக்கப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டிலேயே இந்து மாணவர்களுக்கென ஒருவரை நியமித்திருந்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அருகில் கோயிலே இல்லையா எனக் கேட்கலாம். மேரிலாந்து மாநிலத்தின் லேன்ஹம் நகரில் சிவ விஷ்ணு ஆலயமும் முருகன் ஆலயமும் அழகுற விளங்குகின்றன. ஆனால் அவை நகருக்கு வெளியே உள்ளன. ஜார்ஜ்டவுன் வட்டாரத்திலோ இரயில் நிலையமே கிடையாது. சொந்த வாகனமில்லாத மாணவன் மாலை வகுப்பு முடிந்து அங்குச் சென்று திரும்புவது எளிதன்று.

கட்டடத்தினும் மேலானது, செவிகொடுக்கும் ஒரு மனிதர் அங்கு இருப்பது. ஊரில் பாட்டி காலமானார் என்ற செய்தி நள்ளிரவில் வருகிறது. இறுதிக் கிரியைக்குச் செல்லப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அத்தகைய மாணவனுக்கு மனநல ஆலோசகர் உதவ முடியும், உதவவும் வேண்டும். ஆயினும் பதினாறாம் நாள் காரியம் என்றால் என்ன என்பதை முதலிலிருந்து விளக்கத் தொடங்கும்போதே அவனுக்குத் தொண்டை அடைத்துவிடும். விளக்கம் கேளாமலே புரிந்துகொண்டு, உடன் அமர்ந்து, பாட்டியின் பெயரால் ஒரு தீபம் ஏற்ற வழிசெய்பவர் அருகிலிருந்தால், அவனது துயரம் பாதி ஆறும். வீட்டில் பெரியோர் சொல்லிச் சலித்த வழிபாட்டின் பொருளும் அன்றுதான் அவனுக்கு விளங்கத் தொடங்கும்.

நம் நாட்டிலும் கல்லூரிகளை அடுத்து ஆலயங்கள் பல உள்ளன. திருவிழாக் காலங்களில் மாணவர்க்கு வயிறார அன்னதானம் வழங்குகிறோம். உண்டு முடித்த பிள்ளையிடம் "எப்படி இருக்கிறாய், தம்பி?" எனக் கேட்டு, அவன் கூறும் விடையைப் பொறுமையுடன் கேட்க ஒருவரை அமர்த்தியுள்ளோமா என்பதை ஆலய நிருவாகத்தினர் எண்ணிப் பார்த்தல் நலம். அதற்கு இராஜகோபுரத் திருப்பணி அளவு செலவு ஆகாது.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் கட்டணம், விடுதி, உணவு ஆகியவற்றை விசாரிக்கும்போதே, இந்து மாணவர்களுக்கென வழிபாட்டு இடமோ சமய குருவோ உண்டா என்பதையும் கேட்டறியலாம். மாணவர் சங்கம் மட்டுமே இயங்கும் இடங்களும் உண்டு. அவ்விடங்களில் நவராத்திரிக்கு ஓர் அறையைப் பெறுவதற்கே மாணவர்கள் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.