அயனி உருவாதல்

அயனி உருவாதல் என்பது ஓர் அணு எலக்ட்ரான்களை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெறும் நிகழ்வாகும். எலக்ட்ரானை இழந்த அணு நேர்மின் அயனி எனவும், ஏற்ற அணு எதிர்மின் அயனி எனவும் அழைக்கப்படும்.

சோடியம் அணுவின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என அமைந்துள்ளன. வெளிக்கூட்டிலுள்ள ஒன்றை இழந்தால் அது நியானின் நிலையான அமைப்பைப் (2, 8) பெறுகிறது. குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. ஒன்றை ஏற்றால் ஆர்கானின் அமைப்பு (2, 8, 8) கிடைக்கிறது. புரோட்டான்களின் எண்ணிக்கை மாறாததால் சோடியம் நியானாக மாறிவிடுவதில்லை.

சோடியம் எலக்ட்ரானைத் தானாக விட்டுவிடும் எனக் கருதுவது தவறு. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து அதை நீக்கச் சுமார் 496 கிலோஜூல் ஆற்றல் தேவை. குளோரின் அதை ஏற்கும்போது சுமார் 349 கிலோஜூல் மட்டுமே வெளிப்படும். அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து உப்புப் படிகமாகச் சேரும்போது வெளிப்படும் சுமார் 787 கிலோஜூல் ஆற்றலே இக்குறையை ஈடுசெய்கிறது.

அயனியின் பண்பும் அணுவின் பண்பும் வேறானவை. சோடியம் உலோகம் நீரில் பட்டால் வெடிக்கும். குளோரின் நச்சு வாயு. ஆனால் ராயபுரம், எண்ணூர் கடல்நீரில் இவற்றின் அயனிகள் நிலையாகக் கரைந்துள்ளன. வடசென்னை வீடுகளில் உப்புநீரைத் துணியில் வடிகட்டினாலும் கொதிக்க வைத்தாலும் உப்பு நீங்காததற்கு இதுவே காரணம். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை, கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வு வழியே செலுத்தி, அயனிகளைத் தடுத்துக் குடிநீரைப் பிரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது.