வீட்டுக் கொல்லையில் ஒரு யெஸ்டி

மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டி செய்தது. 1996-ல் மூடிவிட்டார்கள். எங்கப்பா வாழைத்தார் ஏற்றிய வண்டி அதில் ஒன்று. அதை விற்றுத்தான் எனக்கு இரண்டாம் வருட ஃபீஸ். "ஓட்டிக் காட்டினாத்தாம்ல விலை கேப்பான்" என்றார் அப்பா. இறங்கிவிட்டேன்.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் கேசுக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். கிராங்க் ஆயில் சீல் காய்ந்திருந்தால் வெளிக்காற்று நுழைந்து கலவை மெலியும், சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். புது பிஸ்டன் வாங்குமுன் சீலைப் பாருங்கள் நண்பர்களே!

டேங்கில் ஓட்டை. காலி டேங்க்தானே, வெல்டிங் வையுங்க என்றேன். பட்டறை அண்ணாச்சி திட்டித் தீர்த்துவிட்டார். பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி நிற்குமாம், அதுதான் வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஓட்டையை மேலே வைத்து அடைத்தார்.

நீள சீட்டைக் குட்டையாக்கினேன். ஃபிரேமில் கை வைக்கவில்லை. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு விடாது.

பெயிண்டில்தான் ஏமாந்தேன். பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் வரை சரி. எனாமலை ஆடி மாதப் பகலில் கொல்லையில் அடித்தேன். செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஊர்த் தூசியெல்லாம் கொண்டுவந்து ஒட்டியது. "ரவை உப்புமா மாதிரில்லா இருக்கு" என்றாள் ஆச்சி. தேய்த்தெடுத்து, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று அடங்கிய விடியற்காலையில் மறுபடி அடித்தேன். பளபளத்தது!

வாங்க வந்தவரிடம் சாவியைக் கொடுக்குமுன் அப்பா கொக்கிரகுளம் பாலம் வரை ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்தார். ஃபீஸ் கட்டியாச்சு.