சுவருக்கு அப்பால் வைத்த மாத்திரை

பெட் ஸ்பேஸில் தங்கியவர்களுக்கு மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் பெட்டியோடு வந்தால் சில வாரங்களில் எல்லாக் கட்டிலுக்கும் போய்விடும். உரிமம் பெற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டால் செலவு. அதனால் யாரோ கைமாற்றித் தரும் மாத்திரைகளைக் கட்டிலடியில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டு, நண்பர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் சிலர். வைத்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தைதான் மாட்டிக்கொள்கிறது. ஷார்ஜாவில் இப்படிக் குழந்தைகள் இறந்த செய்தியை ஒரு முறைக்கு மேல் படித்திருக்கிறோம்.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஊரில் தானியக் கிடங்குகளில் போடுவது இதைத்தான். அமீரகத்தில் வீடுகளில் பயன்படுத்தத் தடை. காற்றின் ஈரம் பட்டதும் இதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். வளைகுடாவில் ஈரத்துக்கா பஞ்சம்!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. நச்சியலின் அடிப்படையும் அதுவே. இங்கே அளவு என்ன? 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் பாஸ்பீனை விடும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள மூடிய அறையில் அது கலந்தால், 10 லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 24 பங்கு. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி அனுமதிப்பது 0.3 பங்குதான். 50 பங்கு உடனடி உயிராபத்து. இரண்டே மாத்திரையில் அதை நெருங்கிவிடலாம். குழாய்த் துளை, ஏசி வழி, சுவர் விரிசல் எதிலும் இந்த வாயு நுழையும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அதே காற்றில் அவர்களுக்குச் சேரும் நஞ்சு அதிகம்.

நுரையீரல் வழியே ரத்தத்தில் கலக்கும் பாஸ்பீன், செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்குப் பயனில்லை. ஓய்வே இல்லாத இதயம்தான் அதிகம் அடிவாங்கும். ஆனால் தொடக்கத்தில் தெரிவது வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல். ராத்திரி சாப்பிட்டதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்போம். 2019 அக்டோபரில் தோஹாவில் இந்தியக் குடும்பமொன்றின் இரு குழந்தைகள் இறந்தபோதும் முதலில் உணவைத்தான் சந்தேகித்தார்கள். பிறகே பக்கத்து வீட்டில் போட்ட பூச்சி மருந்தின் மீது சந்தேகம் திரும்பியது.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரலாம். வாடை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்கு வாந்தி என்றால் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு 998. பக்கத்தில் மருந்து போட்டார்களா என்று காவலாளியிடம் விசாரித்து, அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையோ சாம்பல் நிறத் தூளோ கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது; ஊற்றினால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும்.